ஏர் ரைபிளோட பிளாஸ்டிக் ஸ்டாக்க நீட்டி பெயிண்ட் அடிக்கறது எப்படிங்க: முழு வழிகாட்டி

என்ற அக்கா பையன் ஆறடி ஒரு அங்குலம். காலேஜ்ல சேர்ந்ததுல இருந்து ஏர் ரைபிள் பைத்தியம் புடிச்சு, காசு சேர்த்து ஒரு ஸ்பிரிங் ரைபிள் வாங்கிப்போட்டான், கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக் (தோள்ல வெச்சுப் புடிக்கற கட்டை) வெச்சது. தோட்டத்துச் சாளைக்கு எடுத்துட்டு வந்து ரெண்டு நாள் சுட்டான், மூணாவது நாள் மூக்கத் தேச்சுக்கிட்டு வந்து நிக்கறான். "ஏனுங் மாமா, ஒவ்வொரு தடவையும் கட்டைவெரலு மூக்குல இடிக்குதுங்"ங்கறான். துப்பாக்கி மேல தப்பு இல்லீங்க, ஸ்டாக் அவனுக்குக் குட்டை, அவ்வளவுதான். சின்னப் பசங்க சட்டைய பெரிய ஆளு போட்ட மாதிரி.

அதுக்கோசரம் அந்த ஸ்டாக்க நீட்டி, அப்படியே சொரசொரன்னு கெடந்த பிளாஸ்டிக்குக்கு பெயிண்ட்டும் அடிச்சுக் குடுத்தேன். மூணு வாரம் ஆச்சு. அதுல பெயிண்ட் வேலை ரெண்டு நாள்தானுங்க, மிச்சமெல்லாம் அளக்கறதும், வெச்சுப் பாக்கறதும், ராவறதும்தான். நெறைய பேர் இத தலைகீழா செய்யறாங்க, மொதல்ல ஸ்பிரே டப்பா வாங்கிட்டு வந்துதான் உக்காருவாங்க. அப்படி செஞ்சா பளபளன்னு ஒரு குட்டைத் துப்பாக்கிதான் கெடைக்கும்.

தொடங்கறதுக்கு முன்னாடி

நான் சொல்றது ஏர் ரைபிளுக்கு மட்டும். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லி, அதாவது 0.177 காலிபர் வரைக்கும், 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்ல. லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க, தோட்டத்துக் காவலுக்கு ரெட்டைக்குழல் வெச்சிருக்கறவங்க, இதப் பாத்து கை வெக்காதீங்க, துப்பாக்கி ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் வேணும்னு 1959 ஆயுதச் சட்டத்துலயே இருக்குது, அந்த லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போகணும். இன்னொண்ணு, நம்ம பக்கம் தென்னந்தோப்புல மயிலு மந்தையாட்டம் திரியுது, வெள்ளாமையத் திங்குதுன்னு வயித்தெரிச்சல் எனக்கும் இருக்குது, ஆனா அது மேல ஒரு குண்டு பட்டாலும் வன உயிரினச் சட்டத்துல உள்ள போக வேண்டியதுதான். அட்டை மேல மட்டும் சுடுங்க.

குழல்ல குண்டு இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ஸ்பிரிங் தளர்வா இருக்கறப்ப, அதாவது காக் பண்ணாம இருக்கறப்ப மட்டும் கழட்டுங்க. முன்கட்டைல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டுல ஒண்ணோ ரெண்டோ, அவ்வளவுதான் வரும். எது எங்க இருந்துச்சுன்னு ஒரு அட்டைல குத்தி வெச்சுக்கங்க. ஸ்டாக் இல்லாத வெறும் மிஷின எடுத்து காக் பண்ணிப் பாக்கறது, குண்டு போடாம சுட்டுப் பாக்கறது, ரெண்டும் வேண்டாம். மொதல் வேலைல வெரலு போகும், ரெண்டாவதுல ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் போகும்.

எத்தன நீளம் வேணும்

ஸ்டாக்கோட நீளம்னா ட்ரிகரோட முன்பக்கத்துல இருந்து, ஸ்டாக் கடைசில தோள்ல படற ரப்பரோட நடு வரைக்கும் நேர்கோட்டுல அளக்கறது. பெரியவங்க துப்பாக்கி பெரும்பாலும் பதிமூணரைல இருந்து பதினாலு அங்குலம் இருக்கும். நம்ம பையன்து 340 மில்லி, அதாவது பதிமூணரைக்குக் கொஞ்சம் கீழ.

நமக்கு எவ்வளவு வேணும்னு பாக்க பழைய முறை ஒண்ணு இருக்குது, முழங்கைய தொண்ணூறு டிகிரி மடக்கி, மடிப்புல இருந்து ஆள்காட்டி வெரலோட மொதல் கணு வரைக்கும் அளக்கறது. அது சும்மா ஒரு ஆரம்பம்தான். கழுத்து நீளம், நெஞ்சு அகலம், நின்னுட்டு சுடறதா உக்காந்துட்டு சுடறதா, எல்லாமே சேர்ந்துதான் நீளத்த முடிவு பண்ணும். என்னயக் கேட்டா உண்மையான அளவு வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

அதுக்கு ஒரு பைசா செலவில்லாத வழி. பழைய ஹவாய் செருப்பு ரெண்டு, கார்ட்போர்டு அட்டை கொஞ்சம். தோள் ரப்பர் சைசுக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டா வெச்சு இன்சுலேஷன் டேப்ல இறுக்கிச் சுத்துங்க. கண்ண மூடிட்டு துப்பாக்கிய தோள்ல வெச்சு கன்னத்தச் சாச்சு அப்புறம் கண்ணத் தொறங்க. ஸ்கோப்புக்குள்ள, அதாவது குறி பாக்க மேல மாட்டற தொலைநோக்கிக்குள்ள, படம் முழுசாத் தெரியணும், கழுத்த நீட்டவோ சுருக்கவோ கூடாது, கட்டைவெரலுக்கும் மூக்குக்கும் நடுவுல ரெண்டு வெரல் எடம் இருக்கணும். தூக்கறப்ப ரப்பரு அக்குள்ல சிக்குனா நீளம் எச்சாப் போச்சுன்னு அர்த்தம். அஞ்சாறு மில்லியா கூட்டிக் கூட்டிப் பாருங்க, ஒரே நாள்ல முடிவு பண்ணாதீங்க, ஒரு வாரம் அப்படியே சுடட்டும். என்ன துணி போட்டுச் சுடுவீங்களோ அதே துணில பாக்கோணும், மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு அளந்தா சித்திரைல பனியனோட சுடறப்ப ஸ்டாக் குட்டையாத் தெரியும்.

இங்க எல்லாரும் மறக்கற விசயம் ஒண்ணு: ஸ்டாக்க ஒரு அங்குலம் நீட்டுனா மூஞ்சி ஸ்கோப்ப விட்டுப் பின்னாடி போகும். ஸ்கோப்பையும் பின்னாடி நகத்தணும். ஸ்கோப்பப் புடிக்கற மவுண்ட்டுக்கு பின்னால நகர எடம் இருக்குதான்னு மொதல்லயே பாத்துக்கங்க, ஸ்பிரிங் ரைபிள்ல மவுண்ட் நகராம இருக்க ஒரு ஸ்டாப் பின் இருக்கும், அதுக்கு, மவுண்ட் உக்கார்ற பள்ளத்துல (ரெயில்னு சொல்லுவாங்க) குழி எங்க இருக்குன்னும் பாக்கோணும். எடம் இல்லைன்னா ஸ்டாக்க நீட்டறதுல பாதிப் பிரயோசனம் போச்சு.

பையனுக்கு செருப்பு அட்டையெல்லாம் கட்டிப் பாத்ததுல 362 மில்லி சரியா வந்துச்சு.

என்ன பிளாஸ்டிக்குன்னு தெரியாம பசை வாங்காதீங்க

தோள் ரப்பரக் கழட்டுங்க. ரப்பர்ல ரெண்டு சின்ன ஓட்டை தெரியும், சிலதுல அதும் தெரியாது, வெறும் கீறலாட்டம் இருக்கும், ஸ்க்ரூ உள்ள ஒளிஞ்சிருக்கும். நீளமான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்ல கொஞ்சம் சோப்புத்தண்ணி தொட்டு உள்ள விட்டா ரப்பரு கிழியாது, வெளிய எடுத்ததும் ஓட்டை தானா மூடிக்கும்.

கழட்டுனா உள்ள வெறும் கூடு. நடுவுல பலத்துக்கு ரெண்டு மூணு பட்டை, ஸ்க்ரூ எறங்கறதுக்கு மேல ஒரு கம்பம் கீழ ஒரு கம்பம். அந்தக் கூட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பல கம்பெனிக்காரங்க பிளாஸ்டிக் பேர அச்சுலயே போட்டிருப்பாங்க. பிஏ6 ஜிஎஃப்30ன்னு இருந்தா கண்ணாடி நார் கலந்த நைலான், அதுல 30ங்கறது நூத்துக்கு முப்பது பங்கு நார். பிபின்னா பாலிபுரொப்பிலீன். ஏபிஎஸ்ஸுன்னா அதேதான்.

எழுத்து இல்லைன்னா ரெண்டு சோதனை. உள்பக்கத்துல இருந்து பிளேடுல நகத்துண்டு அளவு சீவி, ஒரு சொட்டு பாத்திரம் வெளக்கற சோப்பு கலந்த தண்ணில போடுங்க. மெதந்தா பாலிபுரொப்பிலீன். முழுகுனா பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லைன்னா நைலான். அப்புறம் காது குடையற பட்ஸ்ல அசிட்டோன் தொட்டு வெளிய தெரியாத எடத்துல தேய்ங்க. பிசுபிசுன்னு எளகி கறுப்பு ஒட்டுனா ஏபிஎஸ், ஒண்ணும் ஆகலைன்னா நைலான். கொளுத்திப் பாத்துக் கண்டுபுடிக்கறதுன்னு ஒரு வழி சொல்லுவாங்க, அந்தப் பொகைய மோந்து பாக்கற வேலை நமக்கு வேண்டாம்.

இது எதுக்குன்னா, நைலானும் ஏபிஎஸ்ஸும் நல்லாத் தேச்சு விட்டா அரால்டைட் பசைக்குப் புடிக்கும். பாலிபுரொப்பிலீன்ல என்ன பசை போட்டாலும் வாழைஇலை மேல தண்ணியாட்டம்தான், காஞ்சதும் நகத்துல கிள்ளுனா அப்பளமா வந்துரும். அதுக்கு ஸ்க்ரூ பலத்தையும் உள்ள எறங்கற கட்டையையும்தான் (அதப் பின்னால சொல்றேன்) நம்பணும். பையன் ஸ்டாக் நைலான், நமக்கு அதிர்ஷ்டம்.

நீட்டற துண்டு

ஸ்டாக்க அறுக்க வேண்டியதே இல்லீங்க. குட்டையாக்கறதுக்குத்தான் அறுக்கணும். நீட்டறதுக்கு, ஸ்டாக்குக்கும் தோள் ரப்பருக்கும் நடுவுல ஒரு துண்டு.

அத எதுல செய்யறதுன்னு யோசிச்சேன். தேக்கு நல்லது, எடை கம்மி, ராவ சொகம். அக்ரிலிக் ஷீட் பாக்க அழகா இருக்கும், ஸ்க்ரூ ஓரத்துல விரிசல் விடும். காய் வெட்டற வெள்ளை பிளாஸ்டிக் பலகைல நெறைய பேர் செய்யறாங்க, ஆனா அதுல பசையும் புடிக்காது பெயிண்ட்டும் புடிக்காது. கோயமுத்தூர்ல இருந்துட்டு நாம தேடவே வேண்டியதில்ல, மோட்டார் காயில் கட்டற கடைக்கு சாமான் விக்கற எடத்துல ஹைலம் ஷீட், அதாவது பிசின்ல அழுத்திச் செஞ்ச கெட்டிப் பலகை, கெடைக்கும். கெட்டி, தண்ணில ஊறாது, துளை போட்டா பிரியாது, அரால்டைட் கல்லாட்டம் புடிக்கும். 12 மில்லி, 10 மில்லின்னு துண்டுதுண்டா எடை போட்டுக் குடுப்பாங்க. ஒரே கொறை எடைதான். நம்ம ஸ்டாக் பின்பக்கம் கிட்டத்தட்ட 125 மில்லி ஒசரம், 38 மில்லி அகலம், 22 மில்லி கனத்துக்கு ஹைலம் போட்டா 110 கிராம் சொச்சம் வருது. தேக்குன்னா அதுல பாதிதான். துப்பாக்கி முன்பாரமா இருந்தா இந்த எடை பின்னாடி சேர்றது நல்லதுதான், பையனுக்கு அது புடிச்சிருந்துச்சு. ஏற்கனவே பின்பாரமா இருந்தா தேக்குக்குப் போயிருங்க.

ஹைலம் தூசி, நைலான் தூசி ரெண்டும் மோசமுங்க. நைலான்ல கண்ணாடி நார் இருக்கறதால கையெல்லாம் அரிக்கும், மூச்சுல போனா இன்னும் கேடு. மாஸ்க் இல்லாம தேய்க்கக் கூடாது, முடிஞ்ச வரைக்கும் தண்ணி தொட்டுத் தேய்ங்க.

எனக்குத் தெரிஞ்ச பேட்டர்ன்காரண்ணன் ஒருத்தர் கோயமுத்தூர்ல கணபதிங்கற ஏரியாப் பக்கம் இருக்கறாரு. பவுண்டரிக்கு மரத்துல அச்சு செஞ்சு குடுக்கறவரு. இந்த வேலைக்கு அவங்கள விட்டா ஆளே இல்லீங்க, மட்டம் பாக்கறது, சாய்வு புடிக்கறது, பட்டி போடறது, வட்டமா தேய்க்கற டிஸ்க் மிஷின் எல்லாமே அவங்க கடைல இருக்கும். அவருதான் ஒரு ரோசனை சொன்னாரு. "வெறும் துண்ட வெச்சு ரெண்டு ஸ்க்ரூவுல தொங்க விடாத கண்ணு, கோர் பிரிண்ட் மாதிரி உள்ள ஒரு நாக்கு எறக்கு." பவுண்டரில வார்ப்புக்குள்ள ஓட்டை விட வெக்கற மணல் கட்டி, அதாவது கோர், நகராம உக்கார்றதுக்கு அச்சுல ஒரு பள்ளம் விடுவாங்கல்ல, அதே மாதிரி. தேக்குல ஒரு கட்டைய, ஸ்டாக் கூட்டுக்குள்ள ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கச்சிதமா எறங்கற மாதிரி 45 மில்லி நீளத்துக்குச் செதுக்கி, ஹைலம் துண்டோட முன்பக்கத்துல அரால்டைட் போட்டு ரெண்டு ஸ்க்ரூ முடுக்கியாச்சு. துப்பாக்கி கீழ விழுந்தாலும் அடி ஸ்க்ரூ மேல விழாது, நாக்கு தாங்கிக்கும். பாலிபுரொப்பிலீன் ஸ்டாக்கா இருந்தா இந்த நாக்கு இல்லாம செய்யவே செய்யாதீங்க.

இப்ப நான் செஞ்ச கோமாளித்தனத்தச் சொல்லணும். தேவையான நீளம் 362ன்னு ஊட்டுல டேப்புல அளந்துட்டுப் போனேன். இப்ப இருக்கற நீளத்த அண்ணன் கடைல அங்க கெடந்த ஸ்கேல எடுத்து அளந்தேன், 337ன்னு காட்டுச்சு. 362ல 337 போனா 25. ரெண்டு 12, நடுவுல ஒரு 1 மில்லி ஷீட், வெட்டி ஸ்க்ரூ போட்டு மாட்டி ஊட்டுக்குப் போய் அளந்தா 365க்கும் மேல. மறுக்கா அளந்தேன், அதே. இது என்ன மாயம்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டு மக்கா நாள் ஸ்கேலக் கொண்டு போய்க் காட்டுனா அண்ணன் சிரிக்கறாரு. அது சுருக்க ஸ்கேலு! வார்ப்பு இரும்பு ஆறுனா மீட்டருக்கு 10 மில்லி சுருங்கும், அதுக்கோசரம் பேட்டர்ன பெருசா செய்யோணும், ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாம இருக்க அந்த ஸ்கேல்லயே நூத்துக்கு ஒண்ணு பெருசா கோடு போட்டிருப்பாங்க. 340 இருந்தத அது 337ன்னு காட்டிருக்குது. மூணு மில்லி எச்சு.

நல்லவேளை பசை போடல. ஒரு 12அக் கழட்டிட்டு 10 மில்லி ஷீட் வெச்சோம், அந்த 1 மில்லிய வீசியாச்சு, 22 கனத்துல 362 வந்துருச்சு. அதனால சொல்றனுங்க, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஸ்கேல்ல அளங்க, பசை போடறதுக்கு முன்னாடி வெறும் ஸ்க்ரூ போட்டு மாட்டி ரெண்டு நாள் சுட்டுப் பாருங்க.

துண்டோட ரெண்டு மூஞ்சியும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும். ஒரு பக்கம் கனமா ஒரு பக்கம் மெலிசா போனா ரப்பர் தோள்ல படற சாய்வு மாறிடும், துப்பாக்கி மேல ஏறும் இல்லைன்னா கீழ வழுக்கும். இதப் பாக்க சுலபமான வழி: ஸ்கோப்பக் கழட்டிட்டு, துப்பாக்கிய தரைல பின்பக்கம் முழுசா படியற மாதிரி நிக்க வெச்சு, மிஷினோட முதுகு செவுத்துல தொடற வரைக்கும் தள்ளி, குழல் நுனிக்கும் செவுத்துக்கும் எத்தனை மில்லின்னு வேலைக்கு முன்னாடியே குறிச்சு வெச்சுக்கங்க. துண்டு வெச்சதுக்கப்புறமும் அதே அளவு வந்தா சரி.

ஸ்க்ரூ நீளமும் மாறும். பழசு 35 மில்லி, 22அக் கூட்டுனா 57. கடைல 60தான் கெடைச்சது, மெலிசான குச்சிய விட்டுப் பாத்தா கம்பத்தோட ஓட்டை அடி அதுக்குப் பத்தாது, அதனால நுனில 3 மில்லி ஹேக்சால அறுத்து அரத்துல மழுக்கி விட்டேன். அதே தடிப்பு ஸ்க்ரூவாத்தான் வாங்கணும், தடிச்சதப் போட்டா கம்பம் பொளந்துரும். டிரில் மிஷின்ல முடுக்கவே முடுக்காதீங்க, கைலதான். மரை மேல சோப்பத் தேச்சுட்டு, பழைய மரைல புடிக்கற வரைக்கும் இடப்பக்கமா மெல்லத் திருப்புனா டொக்குன்னு ஒரு எடத்துல விழும், அங்க இருந்து வலப்பக்கம் முடுக்குங்க. இல்லைன்னா புதுசா மரை வெட்டி பழசையும் கெடுத்துரும்.

ஒட்டறதும் ராவறதும்

ஒட்டற ரெண்டு மூஞ்சியையும் 120 நம்பர் உப்புத்தாள்ல குறுக்கும் நெடுக்குமா நல்லாக் கீறி விட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல தொடைங்க. அதுக்கப்புறம் வெரலு படக்கூடாது. அரால்டைட்ல அஞ்சு நிமிசத்துல புடிக்கறது வேண்டாம், சாதா அரால்டைட், ரெண்டு டியூபும் சம அளவு, நிறம் ஒண்ணாகற வரைக்கும் கலக்கி ரெண்டு பக்கமும் மெலிசாத் தடவி, ஸ்க்ரூவ முடுக்கிட்டு, சைக்கிள் டியூப நீளவாக்குல நாடா மாதிரி வெட்டி இழுத்து இழுத்துச் சுத்துங்க. ஸ்டாக் வளைஞ்ச பொருளு, சி கிளாம்ப் வழுக்கும், டியூபு வழுக்காது. ஸ்க்ரூவுக்கு மெழுகு தடவி வெச்சா பின்னால கழட்டலாம். பிதுங்கி வர்ற பசைய அப்பவே ஆல்கஹால் தொட்ட துணில தொடைச்சிருங்க. ஒரு முழு நாள் அலுங்காம கெடக்கட்டும், மார்கழி தை மாசம்னா இன்னும் அரை நாள் சேர்த்துக்கங்க.

ஏபிஎஸ் ஸ்டாக்குன்னா, துண்டும் ஏபிஎஸ்ல கெடைச்சா அந்தத் தூளையே அசிட்டோன்ல கரைச்சு கூழாக்கிப் பசையா போடலாம், உருகி ஒண்ணாயிரும்.

ராவறப்ப ஸ்டாக்குல, துண்டுக்குப் பக்கத்துலயே, இன்சுலேஷன் டேப் ரெண்டு சுத்து போட்டுருங்க. மொரட்டு அரத்துல ஆரம்பிச்சு, அரம் டேப்பத் தொட்ட ஒடனே நிறுத்திருங்க. டேப்ப உரிச்சுட்டு மிச்சம் இருக்கற மயிரிழை ஒசரத்த மரக்கட்டைல சுத்துன 220 தாள்ல தேச்சா சமமாயிரும். கட்டை இல்லாம வெரல்ல தேய்ச்சா குழி விழும், அது இப்பத் தெரியாது, பெயிண்ட் அடிச்ச பொறவு வெயில்ல புடிச்சாத்தான் பல்லிளிக்கும்.

ஸ்டாக் பின்னால போகப் போக விரிஞ்சுட்டே போற வடிவம், அதே கோட்டுல நீட்டுனா துண்டோட கடைசி ரெண்டு மூணு மில்லி பெருசா வரும், பழைய ரப்பரு அதுக்குப் பத்தாது. புது ரப்பர் வாங்கித் தேச்சுப் பொருத்தலாம், இல்லைன்னா துண்ட நேரா விட்டுட்டு பழைய ரப்பரையே வெக்கலாம். நான் நேரா விட்டேன், ஆள் சொன்னாத்தான் தெரியும். புது ரப்பர் தேய்க்கறதா இருந்தா டிஸ்க் மிஷின்ல 60, 80 நம்பர்ல தொட்டுத் தொட்டு எடுக்கணும், அழுத்துனா ரப்பரு சூடாகி பிசினாட்டம் இழுபடும், நாத்தமும் கொடலப் புடுங்கும்.

இப்ப அந்த இணைப்புக் கோடு. பட்டி போட்டு மறைச்சா ஒரே ஸ்டாக் மாதிரி ஆயிருமேன்னு எல்லாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்துச்சு. வேண்டாமுங்க. நைலானும் ஹைலமும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது, கார் டிக்கில ஒரு மத்தியானம் கெடந்துச்சுன்னா பட்டிக்கு மேல முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு வந்தே தீரும். மறைக்க முடியாத கோட்ட, கோடுன்னே காட்டிருங்க. முக்கோண அரத்துல இணைப்பு சுத்தி ஒரு மில்லி ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டி விட்டேன், இப்ப அது வேணும்னே வெச்ச டிசைன் மாதிரி இருக்குது. பழைய துப்பாக்கிகள்ல ரப்பருக்கு முன்னாடி வெள்ளைக் கோடு வெச்சிருப்பாங்க பாருங்க, அந்த மாதிரி.

கூட்டுக்குள்ள மிச்ச எடத்துல பேக்கிங் பஞ்சு கொஞ்சம் அடைச்சா சுடறப்ப வர்ற டொங்கு சத்தம் கொறையும். டப்பால பீச்சி அடிக்கற நுரை வேண்டாம், அது ஊதிப் பெருத்து ஸ்டாக் வயித்தத் தள்ளிரும்.

பெயிண்ட்

மொதல்ல அச்சுக்கோடு. ரெண்டு அச்சு சேர்ற எடத்துல ஸ்டாக்கோட முதுகுலயும் அடியிலயும் நீளத்துக்கு ஒரு வரி ஓடும், விலை கம்மித் துப்பாக்கிய காட்டிக் குடுக்கறதே அதுதான். பிளேட செங்குத்தா புடிச்சு சொரண்டி எடுத்து 320 தாள்ல தேய்ங்க. கைப்புடில சொரசொரப்பா பூ போட்டிருக்கற எடத்த மாஸ்கிங் டேப் ஒட்டி விட்டுருங்க, அதுல பெயிண்ட் ரொம்புனா புடி வழுக்கும்.

அப்புறம் பாத்திரம் வெளக்கற சோப்பும் பச்சை நாரும் போட்டு ஸ்டாக் முழுக்கத் தேச்சு கழுவி, காய வெச்சு, ஆல்கஹால்ல தொடைங்க. அச்சுல இருந்து பிளாஸ்டிக் கழண்டு வர ஒரு எண்ணெய் அடிச்சிருப்பாங்க, அது போகாம எந்த பெயிண்ட்டும் நிக்காது. இதுக்கு முன்னாடி கார் டேஷ்போர்டு பாலிஷ் போட்டுத் தொடைச்ச ஸ்டாக்கா இருந்தா மூணு தடவை கழுவுங்க, சிலிக்கான் ஒரு துளி இருந்தாலும் பெயிண்ட்ல கண்ணு கண்ணா குழி விழும்.

அடுத்து, கார் பம்பருக்கு அடிக்கற பிளாஸ்டிக் பிரைமர், தண்ணியாட்டம் இருக்கும், மெலிசா ஒரே ஒரு கோட்டு. பாலிபுரொப்பிலீனுக்கு இது இல்லாம முடியாது, நைலானுக்கும் அடிச்சா நல்லது. டப்பால போட்டிருக்கற நேரத்துக்குள்ள அடுத்த பிரைமர் ரெண்டு கோட்டு. காஞ்சதும் 400 வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு லேசா தேச்சு, அப்பத் தெரியற குழிக்கெல்லாம் பட்டி வெச்சு மறுபடி பிரைமர். அப்புறம் கலரு, ரெண்டு மூணு மெல்லிசு கோட்டு, நடுவுல பத்துப் பத்து நிமிசம். பொருளுக்கு ஒரு சாண் தள்ளிப் புடிச்சு, ஸ்டாக்குக்கு வெளியவே ஸ்பிரேய ஆரம்பிச்சு வெளியவே விடணும், மேலயே நிறுத்துனா வழியும். ட்ரிகர் ஓட்டைல கட்டுக்கம்பி விட்டுத் தொங்க விட்டா எல்லாப் பக்கமும் அடிக்கலாம்.

நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சனை இருக்குது, காத்து. ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து மண்ணத் தூக்கிட்டு வந்து ஈர பெயிண்ட்ல ஒட்டிரும், மொதல் கோட்ட நான் அப்படித்தான் பாழ் பண்ணேன், உப்புத்தாளாட்டம் ஆகிப்போச்சு. விடியக்காலம் ஆறு மணிக்கு, காத்து கெளம்பறதுக்கு முன்னாடி, தரைல தண்ணி தெளிச்சுட்டு அடிங்க. ஐப்பசி மழைல வேண்டவே வேண்டாம், ஈரத்துக்கு பெயிண்ட் வெள்ளை பூத்துரும்.

மேல கிளியர் கோட்டு அடிச்சாத்தான் கீறல் தாங்கும், பளபளப்பு இல்லாத மேட் வாங்குங்க, வெயில்ல கண்ணக் கூசாது. ஹார்டனர் கலக்கற டூ கே கிளியர்தான் உறுதி, ஆனா அந்தப் பொகைல ஐசோசயனேட் இருக்குது, துணி மாஸ்க் ஒண்ணும் பண்ணாது, ஊட்டுல அடிக்கற சமாச்சாரம் இல்லீங்க அது. நான் கலரு வரைக்கும் அடிச்சுட்டு டிங்கர் கடைல பம்பர் ஒண்ணு அடிக்கறப்ப கூடவே இதையும் தொங்க விடச் சொன்னேன், ஒரு டீக்காசு எச்சா குடுத்தா அடிச்சுக் குடுத்துருவாங்க. வெறும் ஸ்டாக்க மட்டும் கொண்டு போங்க, மிஷினோட தூக்கிட்டுப் போனா கடைக்காரரு பயந்துக்குவாரு.

ஒரு வாரம் நெழல்ல தொங்கட்டும். தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா முடுக்குனா ஸ்க்ரூ தலை பெயிண்ட்டச் சுருட்டிட்டு வரும். பையன் நாலாவது நாளே மாட்டணும்னு நின்னான், துணியப் போட்டு மூடி அட்டத்துல வெச்சுட்டேன்.

மாட்டுனதுக்கப்புறம் அம்பது குண்டு சுட்டுட்டு எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை முடுக்கிப் பாருங்க, புது பெயிண்ட் அமுங்கி கொஞ்சம் தளரும். ஸ்கோப் நகத்துனதால பத்து மீட்டர்ல மறுபடி ஜீரோ பண்ணணும், அதாவது குறி வெச்ச எடத்துலயே குண்டு விழற மாதிரி ஸ்கோப்பத் திருப்பி வெக்கணும். அப்புறம் தோள் ரப்பர மூடறதுக்கு முன்னாடி உள்பக்கத்துல மார்க்கர்ல எழுதி வெச்சிருங்க, நாளைக்கு யாராவது கழட்டுனா தெரியணும். நான் எழுதுனது இது: "நீளம் 362, ஸ்க்ரூ 57, டேப்புல அளந்தது, சுருக்க ஸ்கேல் அல்ல."